அந்த நமட்டுச் சிரிப்பு

திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோயில் பக்கமிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடை. காலை ஆறரை மணி. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பஸ் ஓட்டுகிற நண்பர் ஒருவர் டீ சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்குகிற வயது. என்னைப் பார்த்ததும் ‘வாங்க சார்’ என்றார். சொல்லும்போது கழுத்து திரும்பவில்லை, முழு உடம்பும் திரும்பியது. அலமாரிக் கதவு திறக்கிற மாதிரி.

‘‘என்ன ஆச்சு?’’

‘‘மூணு மாசமா இப்படித்தான் சார். கழுத்துல ஆரம்பிச்சு தோள்பட்டை வரைக்கும் இழுக்குது. கண்ணாடி பாக்கறதே கஷ்டமா இருக்கு.’’

நான் ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னேன். ‘‘பிசியோதெரபிஸ்ட் யாரையாவது பாருங்களேன். தேவைப்பட்டா மசாஜ் கூட...’’

முடிக்கவில்லை. பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். எல்லார் உதட்டிலும் ஒரே மாதிரி ஒரு சிரிப்பு. ‘‘சாரு விவரமான ஆளுதான்’’ என்றார் ஒருவர். ‘‘பாண்டிச்சேரிக்குப் போங்கண்ணே, அங்கதான் நல்லா பண்ணுவாங்களாம்’’ என்றார் இன்னொருவர். டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு ரசித்தார். நம்ம டிரைவருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது.

‘‘அய்யய்யோ... எனக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கு சார்.’’

கழுத்து வலிக்கும் கல்யாண வயதுப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்? உலகத்தில் வேறெங்கும் இருக்காது. நம் ஊரில் இருக்கிறது. மசாஜ் என்ற மூன்றெழுத்தை ஒரு ஆணோடு சேர்த்துச் சொன்னால் போதும், நமக்கு அந்த நமட்டுச் சிரிப்பு வந்துவிடும்.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த வாரம் சண்டை. உங்களோடும்தான், என்னோடும்தான்.

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். கண்ணாடி பார்க்கக் கழுத்து திரும்பாத அந்த மனிதருக்குப் பின்னால் தினமும் ஐம்பது பேர் உட்கார்ந்து போகிறார்கள். அதில் நீங்களும் நானும் இருக்கலாம். சிரித்த நாலு பேரில் ஒருவர் அதே பஸ்ஸில்தான் அன்றைக்கு ஏறினார்.

இந்த ஊருக்கு வலி என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறிய ஊர் இது என்கிறது பெரியபுராணம். அதற்கு முன்னால் அவருக்குச் சூலை நோய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தவர் நேராக யாரிடம் போனார்? அக்கா திலகவதியாரிடம். ‘வலிக்கிறது’ என்று வாய்விட்டுச் சொன்னார். அவ்வளவு பெரிய மனிதர் வெட்கப்படவில்லை. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு அப்புறம், அதே ஊர் டீக்கடையில், ஒரு ஆம்பிளை தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அவரை நாலு பேர் கிண்டல் செய்கிறோம்.

முதலில் என் தரப்புக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அப்போதுதான் உங்களைக் கேட்க எனக்கு யோக்கியதை வரும்.

இருபது வருஷத்துக்கு முன்னால், நிருபர் வேலையில் சேர்ந்த புதிதில், ‘மசாஜ் சென்டரில் அழகிகள் கைது’ என்று பத்து வரிச் செய்தி எழுதினேன். போலீஸ் சொன்னதை அப்படியே எழுதினேன். ‘அழகி’ என்ற சொல்லை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது தானாகவே பேனாவில் வந்தது. எல்லாப் பேப்பரிலும் அப்படித்தானே எழுதுகிறார்கள்? ஸ்டேஷன் வாசலில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு நின்ற அந்தப் பெண்களின் முகத்தை நான் பார்க்கவேயில்லை. பார்க்காத முகத்தை எப்படி அழகி என்று எழுதினேன்?

அந்த வழக்கு என்ன ஆனது என்று நான் திரும்பிப் போய்க் கேட்கவும் இல்லை. அதில் ஒருத்தி சம்பளத்துக்கு மசாஜ் வேலை மட்டும் செய்த பெண்ணாக இருந்திருந்தால்? இன்னொருத்தி வேறு வேலை என்று ஏமாற்றி அழைத்து வரப்பட்டவளாக இருந்திருந்தால்? இரண்டில் எதுவானாலும் ‘அழகி’ என்று எழுதியது அயோக்கியத்தனம். முதலாமவளின் பிழைப்பு போயிற்று. இரண்டாமவளுக்கு நடந்த கொடுமை வாசகருக்குக் கிளுகிளுப்பு ஆயிற்று. அதே கடையில் வாடிக்கையாளராக இருந்த ஆண்களைப் பற்றி நான் ஒரு வரி எழுதவில்லை. ‘அழகன் கைது’ என்று என்றைக்காவது தலைப்பு படித்திருக்கிறீர்களா?

நான் படித்தது பி.காம். எதையும் பற்று, வரவு எழுதிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். இந்த நமட்டுச் சிரிப்புக்கும் ஒரு கணக்கு எழுதுவோம். இதனால் யாருக்கு நஷ்டம், யாருக்கு லாபம்?

முதல் நஷ்டம் நமக்குத்தான். ஆண்களுக்கு.

பிறந்த குழந்தையைப் பாட்டி இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, அதன் மேல் போட்டு, எண்ணெய் தடவி, கையை மடக்கி, காலை மடக்கி, முதுகை நீவிவிடுவாளே... அதற்கு என்ன பெயர்? சாட்சாத் மசாஜ்தான். அது ஆண் குழந்தை என்பதற்காக யாரும் சிரிப்பதில்லை. அப்புறம் சில வருஷம் தீபாவளிக்கு அம்மா உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்ப்பாள். கல்யாணத்தில் நலங்கு. அதோடு சரி. அதற்கப்புறம் ஒரு தமிழ் ஆணின் உடம்பில் உறவுக்காரர்கள் எல்லாரும் வரிசையாக வந்து எண்ணெய் வைப்பது அவன் செத்த அன்றைக்கு. எண்ணெய், சீயக்காய், தலைக்குக் குளிப்பாட்டுதல், எல்லாம் உண்டு. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இருக்காது.

நடுவில் உள்ள ஐம்பது, அறுபது வருஷம்? லோடு தூக்குகிறான். வலை இழுக்கிறான். பண்ருட்டி மண்டியில் பலாப்பழத்தை லாரிக்கு ஏற்றுகிறான். பத்து மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்கார்கிறான். வலிக்கிறது. என்ன செய்கிறான்? ஒரு மாத்திரை, அல்லது ஒரு குவார்ட்டர். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கிய வலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரும், கிட்னி கெடும். குவார்ட்டரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இவை இரண்டும் நம் ஊரில் கௌரவமான வைத்தியங்கள். இதற்கு யாரும் நமட்டாகச் சிரிப்பதில்லை!

‘ஆம்பிளைக்கு எதுக்குங்க இதெல்லாம்’ என்பவர்களுக்கு ஒரு தகவல். இந்திய கிரிக்கெட் அணியோடு ரமேஷ் மானே என்ற மசாஜ் நிபுணர் ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகப் போனார். வேகப்பந்து வீச்சாளரின் தோளைப் பிடித்துவிட ஆள் வேண்டும் என்பதில் கிரிக்கெட் போர்டுக்கு வெட்கமில்லை. கேரளத்துக் களரியில் ஆசான் மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலாலேயே சீடனின் உடம்பை உழிந்துவிடுவார். சண்டை போடக் கற்றுக்கொள்கிறவனுக்கே அது பாடத்தில் ஒரு பகுதி. இவர்களைவிடவா நாம் பெரிய ஆம்பிளைகள்?

சரி, ‘இது வெளிநாட்டுச் சமாச்சாரம், நம் பண்பாட்டுக்கு ஆகாது’ என்கிறவர்கள்?

சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் முப்பத்திரண்டு வகை. அதில் ஒன்று தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று அதை ஒன்பதாகப் பிரித்திருக்கிறார்கள். பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாம்பரம் சானட்டோரியத்தில் மத்திய அரசின் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கெல்லாம் தொக்கணம் பாடம். நமக்குத்தான் ஜோக்.

இன்னொரு சங்கதி. நீங்கள் தினம் தலைக்குப் போடுகிற ‘ஷாம்பு’ எந்த ஊர் வார்த்தை என்று நினைக்கிறீர்கள்? பிடித்துவிடு என்கிற பொருளில் வரும் ‘சாம்போ’ என்ற இந்திச் சொல்தான் இங்கிலீஷுக்குப் போய் ஷாம்பு ஆயிற்று. பாட்னாவில் பிறந்த தீன் முகமது என்பவர் இங்கிலாந்து போய், 1814-இல் பிரைட்டன் கடற்கரையில் ஆவிக் குளியலும் மசாஜுமாக ஒரு நிலையம் திறந்தார். வாத நோய்க்காரர்கள் குவிந்தார்கள். நான்காம் ஜார்ஜ், நாலாம் வில்லியம் என்று இரண்டு ராஜாக்களுக்கு அவர் ‘ஷாம்பு வைத்தியர்’. நம்மை ஆண்ட ராஜா ஒரு இந்தியனின் கைக்கு முதுகைக் கொடுத்தான். நமக்கு மட்டும் கூச்சம்.

இரண்டாவது நஷ்டம், இந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு.

எனக்கு முடி வெட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். வெட்டி முடித்ததும் நாலு விரலால் பின்மண்டையில் ஒரு அழுத்து அழுத்துவார். டெஸ்க்கில் தலைப்பு வைத்தே நொந்துபோன மண்டைக்கு அது சொர்க்கம். ஒருநாள் கேட்டேன், ‘‘யார்ட்டண்ணே கத்துக்கிட்டீங்க?’’

‘‘எங்கப்பாட்ட. அவரு எங்க தாத்தாட்ட. தாத்தா கட்டி அறுப்பாரு, சுளுக்கு எடுப்பாரு. பாட்டி நூத்துக்கணக்குல பிரசவம் பாத்துச்சு. எங்க ஜனத்துக்கு மருத்துவர்னு பேரு சும்மாவா வந்துச்சு?’’

கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். ‘‘நாற்காலில உக்காந்து கண்ண மூடிட்டா நான் அண்ணன். அதே ஆளு வீட்டுக் கல்யாணத்துக்குப் போனா, எங்க உக்காரணும்னு நான் யோசிச்சு உக்காரணும் சார்.’’

நமட்டுச் சிரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. காமம் மட்டுமில்லை, ஜாதியும் இருக்கிறது. இன்னொருவன் உடம்பைத் தொட்டு வேலை செய்கிறவன் கீழே என்று நாம் முடிவு கட்டிப் பல நூறு வருஷம் ஆகிறது. முடி வெட்டுகிறவர், துணி வெளுக்கிறவர், பிரசவம் பார்த்த மருத்துவச்சி எல்லாரையும் அந்தப் பட்டியலில்தான் வைத்தோம். அதே கையில் ஸ்டெதாஸ்கோப் இருந்தால் மட்டும் ‘டாக்டர் கைராசி’ என்போம். தொடுகிற கையில் வித்தியாசமில்லை சார். பார்க்கிற கண்ணில்தான்.

லாபக் கணக்குக்கு வருவோம். இந்தச் சிரிப்பால் கொழிப்பது யார்?

முதலில், மசாஜ் போர்டுக்குப் பின்னால் வேறு வியாபாரம் செய்கிறவன். ‘மசாஜ் என்றாலே அதுதான்’ என்று நாம் நம்புவதைவிட அவனுக்கு நல்ல விளம்பரம் ஏது? ஒழுங்காகத் தொழில் செய்கிறவன் நம் சிரிப்புக்குப் பயந்து கடையை மூடுவான். இவனுக்கு அந்தப் பயம் கிடையாது.

இரண்டாவது, போலி வைத்தியன். மாதா மாதம் குறிப்பிட்ட தேதியில் லாட்ஜில் முகாம் போட்டு, ‘இந்தத் தைலத்தைத் தேய்த்தால் ஆண்மை பெருகும்’ என்று விற்கிறானே, அவன். எண்ணெய் தோலை மிருதுவாக்கும், அவ்வளவுதான். எந்தத் தைலமும் எந்த உறுப்பையும் வளர்க்காது. இப்படி விளம்பரம் செய்வது 1954-ஆம் வருஷத்து மருந்துகள் மற்றும் மாந்திரீக நிவாரணங்கள் சட்டப்படியே குற்றம். ஆனாலும் விளம்பரம் வந்துகொண்டுதான் இருக்கிறது. எங்களைப் போன்ற பத்திரிகைகளின் கடைசிப் பக்கங்களிலும் அது வந்ததுண்டு. மறைத்துப் பயனில்லை. சர்க்கரை நோய் முற்றினால்கூட ஆண்மைக் குறைவு வரும். இதய ரத்தக்குழாய் அடைப்புக்கும் அது முன்னெச்சரிக்கையாக இருக்கலாம். அதை டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டுத் தைலம் வாங்குகிறவன், நெஞ்சு வலி வரும் வரை காத்திருக்கிறான் என்று அர்த்தம்.

மூன்றாவது, அறியாமை. எதைப் பற்றி வெளிப்படையாகப் பேச மாட்டோமோ, அதைப் பற்றிக் கேள்வியும் கேட்க மாட்டோம். கேட்காமல் நாம் நம்பிக்கொண்டிருப்பவற்றைப் பாருங்கள்.

‘நெட்டி முறிச்சாத்தான் மசாஜ்.’ கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, எதிர்பாராத நேரத்தில் வெடுக்கென்று திருப்பி, ‘படக்’ என்று சத்தம் வந்தால் காசு ஜீரணம் ஆன திருப்தி நமக்கு. அந்தச் சத்தம் எலும்பு இடத்தில் உட்காரும் சத்தம் இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம். கழுத்தெலும்புகளின் பக்கவாட்டு ஓட்டைகள் வழியாக மூளையின் பின்பகுதிக்கு இரண்டு ரத்தக்குழாய்கள் போகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது அதன் உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். எல்லாருக்கும் நடப்பதில்லை, அபூர்வம்தான். ஆனால் நடந்தால் ஆயுள் முழுக்க. 1993-இல் அமெரிக்க நரம்பியல் டாக்டர் மைக்கேல் வெயின்ட்ராப், பார்லரில் தலை அலசக் கழுத்தைப் பின்னால் சாய்த்து வைத்ததாலேயே பக்கவாதம் வந்த ஐந்து பெண்களைப் பற்றி எழுதினார். 2017-இல் டில்லிப் பக்கம் ஒருவருக்கு சலூனில் கழுத்தை முறித்த பிறகு மூச்சு விடுவதே சிரமமாகிப் போனது. உதரவிதானத்தை இயக்கும் நரம்பு அடிபட்டுவிட்டது என்றார்கள் டாக்டர்கள். என் சலூன் அண்ணனிடம் இதைச் சொன்னேன். ‘‘இத எங்களுக்கு யாரு சார் சொன்னா?’’ என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். அன்றிலிருந்து அவர் கழுத்தை முறிப்பதில்லை. அழுத்து மட்டும் உண்டு.

‘வலிக்க வலிக்கப் பிடிச்சாத்தான் பலன்.’ இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குகிற மசாஜில் தசை இன்னும் இறுகும், கன்றிப்போகும். வலித்தால் ‘மெதுவா’ என்று சொல்வது ஆண்மைக்கு இழுக்கில்லை.

‘கெட்ட நீர் எல்லாம் வெளிய போயிடும்.’ எந்தக் கெட்ட நீரும் தோல் வழியாகப் போகாது. உடம்பின் கழிவை வெளியேற்றக் கல்லீரல், கிட்னி என்று ஆண்டவன் தனி டிபார்ட்மென்டே வைத்திருக்கிறான். மசாஜால் தொப்பையும் கரையாது. கரைவது தேய்த்துவிடுகிறவருடைய தொப்பைதான்.

‘கால் முன்னால வந்து பிறந்தவங்க மிதிச்சா சுளுக்கு போயிடும்.’ எங்கள் தெருவில் அப்படிப் பிறந்த ஒரு பையனுக்கு இதனாலேயே ஏக கிராக்கி இருந்தது. பெரும்பாலான சுளுக்கு சில நாளில் தானாகவே சரியாகும். பெயர் மிதித்தவனுக்கு. உள்ளே எலும்பு விரிசல் விட்டிருந்தால்? அந்த மிதி கூடுதல் செலவு.

அப்படியென்றால் மசாஜில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. இறுகிய தசை தளரும், வலி கொஞ்ச காலத்துக்குக் குறையும், மனசு லேசாகும், அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரும். முதுகு வலிக்கு அது முழு வைத்தியம் இல்லை, ஒரு ஒத்தாசை. நிலைத்த பலன் உடற்பயிற்சியிலும், உட்காரும் விதத்தை மாற்றுவதிலும்தான். சிலர் மசாஜ் பக்கமே போகக் கூடாது என்பதும் உண்டு. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். தேய்த்தால் அது கிளம்பி நுரையீரலுக்குப் போகும். நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிற டிரைவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சர்க்கரையால் கால் மரத்துப் போனவர்களுக்குச் சூடான எண்ணெயின் சூடே தெரியாது, கொப்புளம்தான் தெரியும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், காய்ச்சல்காரர்கள், எலும்பு தேய்மானம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் முதுகைக் கொடுக்கக் கூடாது. இதையெல்லாம் நீங்கள் எங்கே கேட்டிருப்பீர்கள்? சிரித்துக்கொண்டே இருந்தால் எப்போது கேட்பது?

நாம் இன்று சிக்கியிருக்கும் இதே சேற்றில் லண்டன் 1894-இல் சிக்கியது. மசாஜ் நிலையம் என்ற பெயரில் விபசாரம் நடக்கிறது என்று பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் அந்த வருஷம் எழுத, ஊரே கொந்தளித்தது. முறையாகப் படித்து நோயாளிகளுக்கு மசாஜ் செய்துவந்த நர்ஸுகள் வெளியே தலைகாட்ட முடியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? ரோசலிண்ட் பேஜட் உள்ளிட்ட நாலு பெண்கள் சேர்ந்து, பயிற்சி பெற்ற மசாஜ் பெண்களின் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பரீட்சை வைத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள், டாக்டர் சொல்லாமல் மசாஜ் செய்யக் கூடாது என்று விதி போட்டார்கள். ஆண்களுக்குப் பொதுவாக மசாஜ் கிடையாது, டாக்டர் தனியாகக் கேட்டுக்கொண்டால் மட்டும் விலக்கு என்றும் ஒரு விதி இருந்தது.

அப்புறம் 1914-இல் உலகப் போர் வந்தது. கையும் காலும் சிதைந்த சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். ஆண்களைத் தொடக் கூடாது என்ற விதியை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஐம்பது பெண்களோடு ராணுவ மசாஜ் படை ஒன்று தொடங்கி, பல மடங்கு பெருகியது. அந்தப் பெண்களின் கை பட்டுத்தான் எத்தனையோ பேர் திரும்ப நடந்தார்கள். 1920-இல் அரசரின் சாசனம் கிடைத்தது. 1940-களில் பெயரும் மாறியது. அதுதான் இன்று பிரிட்டனின் பிசியோதெரபி சங்கம். நாம் மரியாதையாக ‘பிசியோ’ என்கிறோமே, அந்தத் தொழில் அங்கே பிறந்தது மசாஜ் என்ற கெட்ட பெயரைத் துடைக்கத்தான். சிரிப்புக்கு அவர்கள் சொன்ன பதில் பரீட்சை.

நாம் என்ன பதில் சொல்கிறோம்? கேமரா!

2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்ரமணியம், தமிழ்நாட்டின் ஸ்பா, மசாஜ் நிலையங்களில் சிசிடிவி வைக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். 2022 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், ஸ்பாவுக்குள் கேமரா வைப்பது ஒருவருடைய உடல் மீதான உரிமையையும் அந்தரங்கத்தையும் மீறும், சந்தேகம் மட்டும் அதற்குப் போதாது என்றார். டில்லியில் ஆணுக்குப் பெண்ணும் பெண்ணுக்கு ஆணும் மசாஜ் செய்யக் கூடாது என்று 2021-இல் அரசு விதி போட, அதை அங்குள்ள உயர் நீதிமன்றம் அந்த டிசம்பரிலேயே நிறுத்தி வைத்தது.

நான் வக்கீல் இல்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். கேமராவுக்குத் துணி இருக்கிறதா இல்லையா என்றுதான் தெரியும். அந்தக் கைக்கு ரத்தக்குழாய் எங்கே ஓடுகிறது என்று தெரியுமா என்பது கேமராவுக்குத் தெரியாது. பாவாடை, சட்டையைப் பற்றிக் கவலைப்படுகிற நாம் படிப்பைப் பற்றிக் கவலைப்படவில்லை. கடத்தலையும் கட்டாயத்தையும் பிடிக்க 1956-லிருந்து சட்டம் இருக்கிறது. பிடியுங்கள். யாரும் தடுக்கவில்லை. ஆனால் மசாஜ் செய்கிறவருக்கு என்ன பயிற்சி வேண்டும், யார் பரீட்சை வைப்பது, யாருக்கு மறுக்க வேண்டும், தவறு நடந்தால் யாரிடம் புகார் சொல்வது? இதற்கு விதி எழுதுங்கள். கேரளத்தில் ஆயுர்வேத நிலையங்களுக்குச் சுற்றுலாத் துறை தர முத்திரை கொடுக்கிறது. போர்டைப் பார்த்தே ஆள் உள்ளே போகலாம். அதே போலத் தலைமுறையாகக் கைவேலை தெரிந்த நம் சலூன்காரர்களைக் கூப்பிட்டு, கழுத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று ஒரு வாரம் பாடம் எடுத்தால் அரசாங்கத்தின் கஜானா காலியாகிவிடுமா?

விதி வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. போகிற இடத்தில் நீங்களே கேளுங்கள். எங்கே கற்றுக்கொண்டீர்கள்? சான்றிதழ் உண்டா? எனக்கு பிரஷர் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, செய்யலாமா? கடைசிக் கேள்வியைக் கேட்டதும் ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்’ என்று சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். கழுத்தைப் பிடித்ததும் ‘முறிக்க வேண்டாம்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மசாஜ் செய்கிறவர் பெண்ணாக இருந்தால் அவர் வேலைக்கு வந்திருக்கிறார் என்பது உங்கள் கண்ணிலும் பேச்சிலும் தெரியட்டும். எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் ‘அழகி’ என்று எழுதினால் ஒரு கார்டு போட்டுத் திட்டுங்கள். வாசகர் கடிதத்துக்கு நாங்கள் இன்னும் பயப்படுகிறோம்.

டிரைவர் கதையை முடிக்கிறேன். டீக்கடையில் எல்லார் முன்னாலும் மறுத்தவர், ஒரு வாரம் கழித்துத் தனியாகப் போன் பண்ணினார். ‘‘சார், அன்னைக்குச் சொன்னீங்களே...’’ அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டு, அவர் எழுதிக் கொடுத்து பிசியோதெரபி பிரிவுக்குப் போனார். காசு செலவில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே போய்ப் பிசியோதெரபி கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள் என்பது அவருக்கு அங்கே போன பிறகுதான் தெரிந்ததாம். அங்கே இருந்தது நாலு வருஷத்துக்கு மேல் இதையே படித்த ஒரு இளம் பெண். தோளைப் பிடித்துப் பார்த்து, கொஞ்சம் தளர்த்திவிட்டு, மிச்ச நேரமெல்லாம் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். காலையில் பத்து நிமிஷம், ராத்திரி பத்து நிமிஷம். சீட்டில் முதுகுக்கு என்ன வைக்க வேண்டும் என்பது வரை.

இரண்டு மாசம் கழித்து அதே டீக்கடை. ‘வாங்க சார்’ என்றார். கழுத்து மட்டும் திரும்பியது.

‘‘இப்ப கண்ணாடி நல்லாத் தெரியுது சார். அந்தப் பொண்ணு, என் பொண்ணு வயசுதான். ‘அங்கிள், மூச்சப் பிடிக்காதீங்க’ன்னு அவ்ளோ பொறுமையாச் சொல்லிக் குடுத்துச்சு.’’

‘‘வீட்டுல சந்தோஷப்பட்டிருப்பாங்களே?’’

சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

‘‘வீட்டுல சொல்லல சார். டாக்டர் ஊசி போட்டாரு, சரியாயிடுச்சுன்னு சொல்லிட்டேன்.’’

போடாத ஊசிக்குக் கிடைக்கிற மரியாதை, அவர் கழுத்தைத் திருப்பிக் கொடுத்த அந்தப் பெண்ணின் கைக்கு அவர் வீட்டிலேயே கிடைக்கவில்லை. அவர் மேல் தப்பில்லை. பெஞ்சில் அந்த நாலு பேர் அன்றைக்கும் உட்கார்ந்திருந்தார்கள்.